மரீனாவுக்குக் கிடைக்காத இரண்டு நிமிடங்கள்

பச்சை விளக்கு எரிந்ததும் தர்மண்ணை எழுந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். முன்னால் இருந்த மைக்கை இரண்டு தரம் ஊதிப் பார்த்தார். லண்டனில் எங்கள் பகுதி நகரசபையான அந்தக் கவுன்சிலின் கட்டடத்தில் மைக்கை ஊதிப் பார்த்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். மேசையைச் சுற்றி இருந்த கவுன்சிலர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

"மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சபைத் தலைவி அவர்களே," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

நான் அப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த மரீனா என் முழங்கையை இடித்து, "நல்லாத் தொடங்கிறார், என்ன?" என்றாள். பாவம், எங்கள் மேடைப் பேச்சு எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாது.

பேசுவதற்கு மொத்தமே மூன்று நிமிடம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்ன விளக்குப் பெட்டி ஒன்று மேசையில் இருந்தது. சிவப்பு வந்தால் மைக் நின்றுவிடும். முதல் நிமிடம் தர்மண்ணைக்கு, மிச்ச இரண்டும் மரீனாவுக்கு என்பது எங்கள் ஒப்பந்தம். தர்மண்ணை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சமூக மண்டபத்தின் நிர்வாகக் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அதனால் பேச்சாளர் என்று பதிவாகி இருந்தது அவர் பெயர். பேசத் தெரிந்தவள் மரீனா.

அன்று அந்த மண்டபத்தின் தலைவிதி முடிவாக இருந்தது. கவுன்சில் அதை விற்க யோசித்தது. விற்றால் அந்த இடத்தில் அடுக்குமாடி பிளாட் வரும். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி போய்விடும். மாடியில் இருந்த சமூக வானொலி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வியாழன் மாலைகளில் மரீனா போடும் மேசை போய்விடும். அலுவலகம், எங்கள் வாயில் கந்தோர், துடைக்கும் தென்னமெரிக்கச் சனம் வந்து, "எனக்கு இப்படி நடந்துவிட்டது, நான் என்ன செய்ய?" என்று தங்கள் மொழியில் கேட்கக்கூடிய ஒரே இடம் எங்கள் பக்கத்தில் அந்த மேசைதான்.

அந்த இரண்டு நிமிடத்துக்காக மரீனா ஒரு வாரமாகக் கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகி இருந்தாள். தர்மண்ணையோ தலைவியை முடித்து, துணைத் தலைவருக்கு வந்திருந்தார்.

ஒரு பெரிய மனிதரைப் பற்றி

கொஞ்சம் பொறுங்கள். அவர் அங்கே விளித்துக்கொண்டு இருக்கட்டும். அவசரப்பட்டு முடிக்கிற ஆள் அல்ல.

இந்தப் பத்திரிகைத் தொடரில் என் பெற்றோல் நிலையக் காலத்தை எழுதியபோது கிழக்கு லண்டன் செவன் கிங்ஸிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தார். "தம்பி, கிழமைக்குக் கிழமை உம்மடை ஷிப்ட் கதையையே எழுதுறீர். நாலு பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஒரு பெரிய மனுசரைப் பற்றி எழுத ஏலாதோ?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய மனுசி மரீனா. அவளும் வானொலி நிலையத்தில் என்னுடைய பிஸ்கட்டைத் திருடித் தின்றவள்தான்.

முழுப் பெயர் லூஸ் மரீனா. அவர்கள் மொழியில் முதல் பாதிக்கு ஒளி என்று பொருள். அந்த முதல் பாதியைச் சொல்லித் தர்மண்ணை ஒருமுறை சங்கக் கூட்டத்தில் அவளை அறிமுகம் செய்தார். பின்வரிசைப் பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து வெறும் மரீனா. இப்போது அவள் கவுன்சிலர், தொலைக்காட்சியில் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள், ஆகவே 'அவர்' என்று எழுது என்கிறாள் என் மனைவி. ஒரே ஹெட்போனை வருடக்கணக்காக மாறி மாறிப் போட்டவர்களுக்குள் என்ன 'அவர்'?

கொலம்பியாவில் காலி என்ற நகரத்தில் வானொலிச் செய்தி வாசித்தவள். வாசிக்கக் கூடாத ஒரு செய்தியை வாசித்துவிட்டு நாட்டை விட்டு ஓடி வந்தாள். இதில் எங்களுக்கு என்ன புதினம், என்ன புதுமை? எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி ஓடி வந்தவர்கள்தான். லண்டனில் அவளுக்குக் கிடைத்தது விடிகாலை ஷிப்ட், ஒரு வாளி, ஒரு மொப்.

மற்றவர்கள் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். இவள் துடைத்துவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து அதே கட்டடத்தின் வாசலில் நின்று மேளம் அடித்தாள். ஷிப்டைக் காரணமில்லாமல் வெட்டினால் மேளம். கர்ப்பிணிப் பெண்ணை வேலையை விட்டு நிற்பாட்டினால் மேளமும் விசிலும். அவர்களுடைய ஆர்ப்பாட்டத்தில் ஆடாதவர்கள் பொலிஸ்காரர்கள் மட்டும்தான். அதிலும் ஒருவர் காலால் தாளம் போட்டதை நான் கண்டேன்.

ஒருமுறை எங்களையும் ஆதரவுக்குக் கூப்பிட்டாள். நாங்கள் வரிசையாக, வாயை மூடிக்கொண்டு, உயரப்படி நின்றோம். யாரோ இரண்டு தட்டு ரோல்ஸ் கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் பதாகையில் கோரிக்கை சின்ன எழுத்திலும், அதை அச்சடிக்க உதவிய நகைக்கடையின் பெயர் பெரிய எழுத்திலும் இருந்தது. அந்தக் கடையை எதிர்த்துத்தான் ஆர்ப்பாட்டம் என்று நினைத்து, ஒரு பொலிவியக்காரி அன்று முழுவதும் கடையின் பெயரைச் சொல்லித் தூற்றினாள்.

செத்தவர்கள் இத்தனை பேரோ

மரீனாவுடன் எனக்குப் பழக்கம் ஏற்பட்டது சண்டையில். மண்டபத்தின் மாடியில், முன்பு கதிரைகள் அடுக்கி வைத்த அறைதான் வானொலி நிலையம். ஞாயிறு மாலை என் தமிழ் நிகழ்ச்சி முடிய அவளுடைய ஸ்பானிய நிகழ்ச்சி. என் நிகழ்ச்சி ஒருநாளும் நேரத்துக்கு முடிந்ததில்லை. காரணம் மரண அறிவித்தல்.

எங்கள் மரண அறிவித்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும். பிறந்த இடம், இருந்த இடம், பெற்றோர், மாமன் மாமி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள், மைத்துனர்கள், பேரப்பிள்ளைகள், அவர்களில் யார் கனடா, யார் நோர்வே என்று போகும். ஒரு மருமகனின் பெயரை விட்டால் போதும், செத்தவீட்டில் இன்னொரு செத்தவீடு நடக்கும். நடுவில் நிறுத்த முடியாது. கண்ணாடிக்கு அப்பால் மரீனா நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவாள். நான் பூட்டப்பிள்ளைகளில் நிற்பேன்.

பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் என்னைப் படிக்கட்டில் மறித்தாள். அவள் என்னோடு பேசுவது ஆங்கிலத்தில்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

"உம்மை ஒண்டு கேக்க வேணும். கோவிக்கக் கூடாது," என்றாள். "உங்கட சனத்துக்கு என்ன வருத்தம், ஏதும் தொற்றுநோயோ? கிழமைக்குக் கிழமை இவ்வளவு பேர் எப்பிடிச் சாகினம்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் வாசித்த அத்தனை பெயரும் செத்துப்போனவர்களின் பெயர் என்று இத்தனை மாதமும் அவள் நினைத்திருக்கிறாள். எங்களுக்காகத் தேவாலயத்தில் மெழுகுதிரி வேறு கொளுத்தி இருக்கிறாள். அதில் என் மனைவியின் அண்ணனுக்கும் ஒன்று. அவர் லண்டன் சட்டனில் உயிரோடு, நல்ல சுகத்தோடு, வட்டி வாங்கிக்கொண்டு இருந்தார்.

செத்தது ஒருவர்தான், மற்றவர்கள் சொந்தக்காரர் என்று விளக்கினேன். மறுபடி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

"அப்ப என்ரை பத்து நிமிசத்தை எடுத்தது உயிரோடை இருக்கிற ஆக்கள்," என்றாள். "இனி நான் பொறுக்க மாட்டன்."

சங்கம் இரண்டான கதை

இனித் தர்மண்ணைக்கு வருவோம். அவருடைய முழுப் பெயர் தர்மகுலசிங்கம். ஓய்வுபெற்ற கணக்காளர். நாங்கள் எல்லாம் பெற்றோல் நிலையத்திலும் உணவகங்களின் பின்கட்டிலும் கிடந்து மேலே வந்தவர்கள், அதை மறைத்ததும் இல்லை. அவர் மட்டும் வந்த கிழமையே கந்தோரில் கதிரை கிடைத்தவர். பிறந்தநாள் விழாவோ, சங்கத்தின் ஆண்டு விழாவோ, எங்கே நின்றாலும் அதை ஒருதரம் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மரீனா வியாழன் மேசைக்கு இடம் கேட்டபோது முதலில் மறுத்தவரும் அவர்தான். "துடைக்கிற கூட்டத்தைக் கொண்டுவந்து மண்டபத்துக்குள்ளை ஏத்தினால் பிறகு ஆர் மதிப்பினம் தம்பி?" என்றார். மரீனா அவர் வீட்டுக்கே போனாள். தர்மண்ணையின் மனைவி மலரக்கா கொடுத்த தேத்தண்ணியையும் மூன்று வடையையும் முடித்துவிட்டு, நாலாவதுக்குக் கை நீட்டினாள். மலரக்காவுக்கு அதோடு அவளைப் பிடித்துவிட்டது. மேசை வந்தது.

தர்மண்ணையின் விளித்தலுக்கும் ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு பொங்கல் விழாவில் பேச எழுந்தவர் அவசரத்தில் பொருளாளரின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். பொருளாளர் முன்வரிசையில், பட்டு வேட்டியோடு, கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தார். பெயர் வரவில்லை. அடுத்த மாதமே பிரிந்து போய் வேறு சங்கம் தொடங்கிவிட்டார். இன்றைக்கும் நாங்கள் இருக்கும் மோர்டனில் எங்களுக்கு இரண்டு பொங்கல்.

அதன் பிறகு தர்மண்ணை எந்தச் சபையிலும் ஒருவரையும் விட்டதில்லை. இதை மரீனாவுக்கு நான் முன்னரே சொல்லி இருக்க வேண்டும். கவுன்சிலில் போயாவது அடக்கி வாசிப்பார் என்று நினைத்தேன்.

சிவப்பு

அடக்கி வாசிக்கவில்லை. துணைத் தலைவருக்குப் பிறகு கவுன்சிலர்கள், ஒவ்வொருவராக, மேசையில் இருந்த பெயர்ப் பலகையை வாசித்து. பிறகு கற்றறிந்த அதிகாரிகள். குறிப்பெடுக்கும் சகோதரி. வாசலில் நின்ற பாதுகாப்பு உத்தியோகத்தர். மஞ்சள் விளக்கு எரிந்தபோது பார்வையாளர் பக்கம் திரும்பிக் கை கூப்பி, தென்னமெரிக்க நாடுகளிலிருந்து வருகை தந்திருக்கும் பெரியோர்கள், தாய்மார்கள் என்றார். அவர்கள் எழுந்து கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலில் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

"இந்தப் பொன்னான சந்தர்ப்பத்திலே," என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் செத்தது.

மரீனா எழுந்தே நின்றாள். முகம் வெளிறி இருந்தது. "மன்னிக்கவும், நேரம் முடிந்துவிட்டது," என்றார் தலைவி. மரீனா ஏதோ சொல்ல வாயெடுக்க, "பதிவான பேச்சாளருக்கு மட்டும்தான் அனுமதி," என்றார். விதி விதிதான். மேளம் அடிக்கிறவளுக்கு அங்கே மேளமும் இல்லை.

எனக்கு அழுகையும் வந்தது, தர்மண்ணையின் கழுத்தை நெரிக்கலாம் போலவும் வந்தது. வியாழக்கிழமைகளில் அந்த மேசைக்கு முன்னால் குளிர்ச் சட்டையோடு காத்திருக்கும் சனம் முழுவதும் எங்களுக்குப் பின்னால் இருந்தது. பொருளாளர் ஒருவருக்குப் பட்டு வேட்டியில் நேர்ந்த அவமானத்துக்கு அவர்கள் தண்டனை அனுபவிக்க வேண்டி இருந்தது.

அப்போது சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்த ஓர் இளம் கவுன்சிலர் கை உயர்த்தினார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டார். "பேச்சாளரிடம் எனக்கு ஒரு கேள்வி. அவர் என்ன சொல்ல வந்தார்?"

கேள்விக்குப் பதில் சொல்லும்போது விளக்குப் பெட்டி வேலை செய்யாதாம். ஆனால் பதிலைப் பேச்சாளர்தான் சொல்ல வேண்டும். "தேவையென்றால் பக்கத்தில் ஒருவரிடம் கேட்டுச் சொல்லலாம்," என்றார் தலைவி. அவருக்கும் இரக்கம் வந்திருக்க வேண்டும்.

மரீனா ஒரே பாய்ச்சலில் தர்மண்ணையின் கதிரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

திருப்பிச் சொல்லும் மாப்பிள்ளை

அவள் காதுக்குள் சொன்னாள். அவர் மைக்கில் சொன்னார். ஐயர் சொல்லச் சொல்ல மணவறையில் திருப்பிச் சொல்லும் மாப்பிள்ளைபோல இருந்தது.

"ஒவ்வொரு வியாழனும் இந்த மண்டபத்துக்குச் சனம் வருகிறது," என்றாள் மரீனா.

"ஒவ்வொரு வியாழக்கிழமையும் இந்த மாண்புமிகு மண்டபத்துக்குப் பெருந்திரளான சனம் வருகிறது," என்றார் தர்மண்ணை.

மரீனா கதிரையை உதைத்தாள். அதற்குப் பிறகு மாண்புமிகு வரவில்லை.

விடிய முதல் பஸ்ஸில் போகிறவர்கள் யார், வேலைக்குப் போகும் வழியில் யாருக்கு என்ன நடக்கிறது, பயந்துகொண்டு வந்து கேட்பவர்கள் கேட்டபின் எப்படிப் போகிறார்கள் என்று போய்க்கொண்டிருந்தது. கவுன்சிலர்கள் போனைக் கீழே வைத்தார்கள். புதுச் சேலையோடு கணவனின் பேச்சைக் கேட்க வந்திருந்த மலரக்கா முன்வரிசையில் பெருமையோடு இருந்தார்.

"நீங்கள் வர முதல் உங்கள் கந்தோர்களைத் துடைக்கிறவர்கள் நாங்கள்," என்று மரீனா சொன்னாள்.

தர்மண்ணை வாய் திறந்தார். மூடினார். "துடைக்கிறவர்கள் அவர்கள்," என்றார்.

"நாங்கள்," என்றாள் மரீனா, முதல் வரிசைக்கே கேட்கும்படி.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டு, "நான்," என்றார்.

மரீனா அடுத்த வரியைக் காதில் சொன்னாள். அவர் அதைச் சொல்லவில்லை. அவள் இன்னொரு தரம் சொன்னாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தச் சொன்னார்.

"இந்தக் கட்டடத்தை நான் துடைத்திருக்கிறேன்," என்றார். "இந்த அறையையும். அப்போது இங்கே மண்ணிறக் கம்பளம். உங்கள் மேசைக்குக் கீழே சுவிங்கம் ஒட்டி வைப்பார்கள், முழங்காலில் இருந்து கரண்டியால் சுரண்டுவேன். ஒருநாள் மேற்பார்வையாளன் வந்தான். நாளைக்கு வரவேண்டாம் என்றான். ஏன் என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் இருந்தது. துணிவு இருக்கவில்லை. யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. இன்றைக்கும் எனக்குக் காரணம் தெரியாது."

மைக்கைக் கிட்ட இழுத்தார்.

"அப்படி ஒரு மேசை அன்றைக்கு எங்கேயாவது இருந்திருந்தால் நான் போயிருப்பேன். அவ்வளவுதான் சொல்ல வந்தது."

உட்கார்ந்தார். நன்றி சொல்லாமல் அவர் ஒரு பேச்சை முடித்ததை அன்றுதான் கண்டேன். இத்தனை வருடமாக எங்கள் முன்னால் அவர் பிடித்த கந்தோர்ப் பெருமைக்குள் இவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்று நினைக்க, அவர் மேல் ஒரு பாசம் வந்தது. அது எனக்கே ஆச்சரியம்.

அதன் பிறகு

விற்பனையைக் கவுன்சில் அன்று ஒத்திவைத்தது. பிறகு சத்தமில்லாமல் கைவிட்டது. தர்மண்ணையின் பேச்சுத்தான் காரணம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். வாங்க வந்தவன் பின்வாங்கிவிட்டான் என்று கவுன்சிலில் சொல்கிறார்கள். பிரிந்து போய் மற்றச் சங்கம் தொடங்கிய அந்தப் பொருளாளர், தான் அன்று விரதம் இருந்ததாகச் சொல்கிறார்.

மரீனா அடுத்த தேர்தலில் நின்றாள், வென்றாள். அதே அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் இப்போது அவள் இருக்கிறாள். எங்கள் ஆட்கள் யாராவது பேச எழுந்தால், "வணக்கம் எல்லாம் வந்து சேர்ந்திட்டுது, விசயத்தைச் சொல்லுங்கோ," என்று முதலே சொல்லிவிடுகிறாள். வியாழன் மேசையை விடவில்லை. ஞாயிறு நிகழ்ச்சியையும் விடவில்லை. இன்னும் பத்து நிமிடம் பிந்தித்தான் தொடங்குகிறது. நான் என்ன செய்ய, சனம் சாகிறது.

செவன் கிங்ஸ் அம்மா இத்தோடு வாசிப்பதை நிறுத்தலாம், பிள்ளைகளுக்குப் பிரயோசனமானது முடிந்துவிட்டது. எனக்கு நினைவில் நிற்பது அன்று திரும்பி வந்த பஸ்.

மோர்டன் போகும் பஸ்ஸில் மேல் தட்டில் நாங்கள் நாலு பேர். தர்மண்ணையும் மலரக்காவும் முன்னால், நானும் மரீனாவும் பின்னால். மலரக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி பல பஸ் தரிப்பிடம் தாண்டும் வரைக்கும் நேரே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எந்த மாடி?" என்று கேட்டார்.

"ரெண்டாம் மாடி," என்றார் தர்மண்ணை. "பிறகு கீழையும் தந்தவங்கள்."

"படியள்?"

"படியும்தான்."

"கக்கூசு?"

"ஓம்."

மரீனா என் காதுக்குள், "என்ன கேக்கிறா?" என்றாள். சொன்னேன்.

"எனக்கு ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?" என்றார் மலரக்கா.

"லண்டனிலை கந்தோர் மாப்பிள்ளை எண்டுதானே உம்மடை அப்பா கட்டித் தந்தவர். கணக்கு வேலை எனக்குப் பிறகுதானே கிடைச்சது. எப்பிடிச் சொல்லுறது?" தர்மண்ணையின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "கலியாணத்துக்குப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். பிறகு பிள்ளையள் வந்திட்டினம். பிறகு தலைவராக்கிப் போட்டாங்கள்."

மலரக்கா அவர் பக்கம் திரும்பினார். அழப் போகிறார் என்று நினைத்து நான் கைக்குட்டையைத் தேடினேன்.

"படி துடைக்கத் தெரியும், கக்கூசு கழுவத் தெரியும், கம்பளம் சுரண்டத் தெரியும்," என்றார். "கட்டின நாளிலை இருந்து வீட்டிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவினியளோ?"

இதை நான் மரீனாவுக்கு மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை. அவள் எழுந்து போய், தர்மண்ணையைத் தோளில் தட்டி எழுப்பி என் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, மலரக்காவுக்குப் பக்கத்தில் அவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.